சருகுத் தீ அணைந்த காடு

உண்ணிச்செடியைப் பார்க்காத தமிழர் அரிது. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கறுத்துப் பழுத்த அதன் மணிகளைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்துத் தின்றவர்கள் நம்மில் பலர். வேலியோரத்துச் செடிதானே என்று இருந்துவிட்டோம். அது நம் மண்ணின் செடியே அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் புலிகள் நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவியிருக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

இந்தச் செடி எப்படி ஒரு காட்டை விழுங்கியது என்பதைப் புரிந்துகொள்ள நல்ல இடம், சத்தியமங்கலம் காட்டை ஒட்டி வடக்கே எழும் பிலிகிரிரங்கன் மலை. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே தொன்றுதொட்டு வாழ்பவர்கள் சோளிகர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களைச் சோளகர் என்கிறோம். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாக அவர்களை அறிந்த வாசகர்கள் இருப்பார்கள்.

சோளிகர்கள் பேச்சில் ‘தரகு பெங்கி’ என்று ஒன்று உண்டு. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. கோடை முற்றுவதற்கு முன்னால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மண்ணில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உதிர்ந்த சருகுக்குத் தீ வைப்பார்கள். தரையோடு ஊர்ந்து போகும் சிறு தீ அது. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு, பெரிய மரங்களின் பட்டையைத் தொட்டும் தொடாமலும் அணைந்துவிடும். அடுத்த மழைக்குப் புதுப்புல் கிளம்பும். மானும் காட்டெருமையும் மேய வரும். சித்திரை வெயிலில் பற்றி எரிய, தரையில் எரிபொருள் மிச்சம் இருக்காது.

1974இல் அந்த மலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. இடம் மாற்றிச் செய்த மலைவேளாண்மை நின்றது. வேட்டை நின்றது. தரகு பெங்கியும் நின்றது. காட்டில் தீ என்றாலே அழிவு என்பது அன்றைய வனப் பாடம்.

பிறகு நடந்ததைக் கணக்காகவே சொல்லலாம். பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் 1997இல் அந்தக் காடு முழுவதும் மாதிரித் திட்டுகளை அளந்தார்கள். அவற்றில் 41 விழுக்காட்டில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே திட்டுகளுக்குத் திரும்பிப் போனபோது 81 விழுக்காடு. பதினோரு ஆண்டுகளில் இரண்டு மடங்கு.

எதனால்? 2005இல் ஏட்ரீயின் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தீ எரிந்த வெற்றிடத்தில் உண்ணி நுழைகிறது. உண்ணிப் புதர் காய்ந்து அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது. இப்படிச் சுழற்சியாகப் பெருகுகிறது என்றார்கள். சோளிகப் பெரியவர்கள் சொன்னது இதற்கு நேர்மாறு. தீ இருந்ததால் அல்ல, தீயை நிறுத்தியதால்தான் உண்ணி வந்தது. ஆண்டுதோறும் வந்த சிறு தீ அதன் விதையையும் நாற்றையும் கருக்கிவந்தது என்றார்கள்.

அந்த ஆய்வாளர்களின் மீது எனக்கு மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான். தங்கள் கருதுகோளுக்கு முரணான பேச்சை அவர்கள் ஒதுக்கவில்லை. சோளிகர்கள் 47 பேரிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்து 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பழங்குடி அறிவு என்றதும் கும்பிடுவோர் ஒரு பக்கம், கட்டுக்கதை என்று தள்ளுவோர் மறுபக்கம். இருவருமே அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

நெல்லி மரத்தின் கதையும் இதுவே. காட்டு நெல்லிக்காய் சோளிகர்களின் முக்கிய வருமானம். மரங்கள் குறையக் குறைய, இவர்கள் அளவுக்கு மீறிப் பறிப்பதுதான் காரணம் என்ற பழி எழுந்தது. 2006இல் சிறு வனப்பொருள் சேகரிப்பே நிறுத்தப்பட்டது. சோளிகர்கள் கைகாட்டியது புல்லுருவியை. அவர்கள் மொழியில் ‘உப்பிலு’. பறவைகள் எச்சத்தோடு விடும் பிசுபிசுப்பான விதை கிளையில் ஒட்டி முளைத்து, மரத்தின் சாற்றை உறிஞ்சும். சருகுத் தீயின் வெக்கை உப்பிலுவை அடக்கி வைத்திருந்தது, தீ போனதும் அது பெருகியது என்பது அவர்கள் விளக்கம். லூசி ரிஸ்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் இதை எழுதினார்கள். 2012இல் வந்த மற்றோர் ஆய்வும், காய் பறிப்பதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, உண்ணி, புல்லுருவி, தீ எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது.

அப்படியானால் பெரியவர்கள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தால் போதுமா? போதாது. இன்றைக்கு அந்தக் காட்டில் உண்ணி ஆள் உயரத்துக்கும் மேல் பின்னிக் கிடக்கிறது. அதில் வைக்கும் தீ தரையோடு போகாது. புதரில் ஏறி மரத்தின் உச்சிக்கே தாவும். தீ அணைந்த பிறகு உண்ணியின் அடிவேரோ மறுபடி துளிர்க்கும். விஞ்ஞானிகள் சொன்ன சுழற்சி இங்கேதான் பொருந்துகிறது. உண்ணி பரவாத காட்டுக்குப் பெரியவர்களின் கணிப்பு, உண்ணி மூடிய காட்டுக்கு ஆய்வாளர்களின் எச்சரிக்கை. இரண்டையும் இப்படி வரிசையில் வைத்தால் முரண்பாடு தெரியவில்லை என்பது என் வாசிப்பு.

ஆகவே முதலில் புதரை அகற்ற வேண்டும். மேலே வெட்டிப் பயனில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர் விடும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டிக் காயவிடும் முறையை டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் பிடுங்க வேண்டும். புல் திரும்பிய பிறகே சருகுத் தீக்கு இடம். எந்த வாரம், எந்தச் சரிவு, எந்தக் காற்று என்பதைச் சொல்லக் கூடியவர்கள் அந்த மலையின் முதியவர்கள்தான். இளையவர்களில் பலர் தரகு பெங்கியைக் கண்ணாலும் கண்டதில்லை.

2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, சோளிகர்களுக்குச் சமூக வன உரிமைப் பட்டயங்கள் கிடைத்தன. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்களே. தங்கள் தெய்வங்களும் ஊற்றுகளும் முன்னோர் கற்களும் இருக்கும் 489 புனித இடங்களை, ஏட்ரீயின் துணையோடு அவர்கள் ஏற்கெனவே வரைபடத்தில் குறித்திருந்தார்கள்.

பட்டயம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, ஆண்டுக்கணக்கான அளவீடுகள் இருக்கின்றன. இனி வனத்துறை செய்ய வேண்டியது ஒன்று. உண்ணி அகற்றிய சில திட்டுகளை ஒதுக்கி, ஜனவரி ஈரத்தில் சோளிகர்கள் தீ வைக்க, ஆய்வாளர்கள் பக்கத்தில் நின்று ஆண்டுதோறும் அளக்க அனுமதி கொடுக்கட்டும். அந்தத் தீயை வைத்துப் பழகிய கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கின்றன.