வலிக்காத நோயும் மிஞ்சும் குளிசையும்

"தலையிடியும் இல்ல, தலைச்சுத்தும் இல்ல. பிறகு எதுக்கு மகள் இந்தக் குளிசை?" கிளினிக்கில் தந்த குளிசைப் பைகளைப் பிரிக்காமலே அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த என் உம்மும்மா கேட்ட கேள்வி இது. பல வீடுகளில் இதே கேள்வி கேட்டிருக்கும்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. இதயம் சுருங்கும்போது நாடிச் சுவரில் ஏற்படும் அமுக்கம் மேல் எண். தளரும்போது இருப்பது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் நோய் உண்டு என்று கொள்வர். வலியே இல்லாமல் அது மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் குருதிக்கலன்களை ஆண்டுக்கணக்கில் பழுதாக்குகிறது. முதல் அறிகுறியே பாரிசவாதமாக வருவதும் உண்டு.

குளிசை இந்நோயை அடியோடு மாற்றுவதில்லை, அடக்கி வைக்கிறது. "பிரஷர் நோர்மல்" என்று கேட்டதும் நிறுத்திவிடுகிறோம். நோர்மலாக இருந்ததே குளிசையால்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

கிராமத்தில் இன்னொரு தடையும் உண்டு. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். அங்கே போய்வரும் நாள் இலவசமல்ல. விடியற்காலை பஸ், நீண்ட வரிசை, இழந்துபோகும் அன்றைய கூலி. ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் போகவே கூச்சமாகிவிடும்.

நோயாளி வரமுடியாவிட்டால் சேவை வீட்டுக்குப் போனால் என்ன? இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில், 2,645 பேரிடம் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் அரச சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்தார்கள். உணவு, மருந்து பற்றிப் பேசினார்கள். தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், மற்றக் கிராமங்களைவிட அங்கே மேல் எண் சராசரியாக 5 புள்ளிகள் அதிகமாகக் குறைந்திருந்தது. 2020இல் வெளியான முடிவு இது. 5 என்பது சிறிய எண்தான். ஆனால் ஓர் ஊர் முழுவதிலும் அவ்வளவு குறைந்தால் பாரிசவாதமும் மாரடைப்பும் கண்கூடாகக் குறையும். இதற்குப் புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ தேவைப்படவில்லை.

சமையலறையிலும் வேலை இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிதான் எல்லை. கறியில் குறைத்துவிட்டு கருவாட்டிலும் மாசியிலும் அச்சாற்றிலும் வாங்கிக்கொள்வது நம் வழக்கம்! முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் சில வலிக்குளிசைகளும் அமுக்கத்தை ஏற்றும். நோன்பு காலத்தில் குளிசையை விட்டுவிடாமல், இஃப்தாருக்கா ஸஹருக்கா எடுப்பது என்று றமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அளப்பதானால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். தேநீர் குடித்த கையோடு அளந்தால் எண் ஏமாற்றும்.

எங்கள் வீட்டில் குளிசை எண்ணும் வேலை இப்போது என்னுடையது. சென்ற வெள்ளிக்கிழமை எண்ணியபோது இரண்டு மிஞ்சியிருந்தன. ஏன் என்று கேட்டேன். உம்மும்மா தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.