கோணாத கதவு

சங்கரன்கோவிலில் வீடு கட்டுவோர் உள்ளறைக் கதவுக்கு மரம் தேடினால், மேற்கே செங்கோட்டை மர அறுவை ஆலைகளும் மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துக் கேரள வனத்துறைக் கிடங்குகளில் ஏலம் போகும் தேக்கும் ஒரு வழி. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தேக்கு மற்றொரு வழி. மலையை ஒட்டிய ஊர்கள் குற்றாலச் சாரலில் நனைந்திருக்கும் அதே ஆடி மாதத்தில், மழைமறைவுப் பகுதியான சங்கரன்கோவில் வட்டாரத்தில் வறண்ட காற்றே வீசுகிறது. இங்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது. ஈரமான இடத்திலிருந்து வந்த பலகை இந்தக் காற்றுக்குப் பழகுமுன் கதவாகிவிட்டால், அது என்ன விலை மரமானாலும் கோணத்தான் செய்யும். பழி மட்டும் மரத்தின் சாதிமேல் விழுகிறது.

வெட்டிய மரத்தின் நீர் இரு இடங்களில் உள்ளது: நுண்குழல்களின் உள்வெளியில் தளும்பும் நீர் ஒன்று, குழல்சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் நீர் இன்னொன்று. முதலாவது வெளியேறும்போது மரம் எடை குறையுமே தவிரச் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவருக்குள் ஊறிய நீர் போகத் தொடங்கிய பின்னரே சுருக்கம் ஆரம்பமாகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் சுமார் 2.5 விழுக்காடும், வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும் குறுகுகிறது. வளையம் படுத்தவாறு அறுத்த 30 செ.மீ. அகலப் பலகை 18 விழுக்காட்டு ஈரத்திலிருந்து 10 விழுக்காட்டுக்கு உலர்ந்தால், அகலத்தில் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் காணாமற்போகும்.

அதனால்தான் ஒரே பலகையால் கதவு செய்யாமல், சட்டங்களை இணைத்து, அவற்றின் உட்புறக் காடியில், அதாவது நெடுகச் செதுக்கிய பள்ளத்தில், நடுப்பலகையைச் செருகும் முறை உலகெங்கும் நிலைத்தது. நடுப்பலகை காடிக்குள் பசையோ ஆணியோ இன்றி விடப்பட வேண்டும். ஆடுகிறதே என்று ஆணி அறைந்துவிட்டால், சுருங்க வழியற்ற பலகை நடுவே பிளக்கும். கதவின் நேர்மையைத் தாங்குபவை இரண்டு நெடுஞ்சட்டங்களே. ஆகவே வாங்குபவர் பலகையின் பூவேலையைப் பார்ப்பதைவிடச் சட்டத்தின் வெட்டுமுனையைப் பார்ப்பது நல்லது: அங்கே வளையக் கோடுகள் கதவின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் சட்டம் நேராக இருக்கும் வாய்ப்பு அதிகம், வில்லாக வளைந்து படுத்திருந்தால் ஐயப்பட வேண்டும். நெடுகிலும் ரேகை பக்கவாட்டில் ஓடி வெளியேறுவதும், மரத்தின் நட்டநடு மையம் சட்டத்துக்குள் அகப்பட்டிருப்பதும் முறுக்கலுக்கு முன்னறிவிப்பு. மையத்தைச் சுற்றிய இளமரம், முதிர்ந்த மரத்தைப் போலன்றி, நீளவாக்கிலும் சற்றே சுருங்கும். இளம் வயதிலேயே வெட்டப்படும் தோட்டத் தேக்கில் இந்தப் பகுதியே மிகுதி என்பதால், தேக்கு என்ற பெயர் மட்டும் காப்பாகாது. வெளிவட்டத்து வெள்ளைப் பகுதி வேறு வகைத் தொல்லை: அது கோணுவதைவிட, பூச்சிக்கு இரையாவதே அதிகம்.

வேம்பும் வேங்கையும் மலிவாகவோ அருகிலோ கிடைத்தால் ஒதுக்க வேண்டியவை அல்ல. வேம்பின் இழைகள் பின்னிக்கிடப்பதால் அதை உலர்த்துவதில் பொறுமை கூடுதலாக வேண்டும். வேங்கையோ ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கசிந்து புதுச்சுவரைக் கறையாக்கும்.

உள்ளறைக் கதவுக்கு மரத்தின் ஈரம் பொதுவாக 12 விழுக்காட்டை ஒட்டி இருப்பது தகும். இரு ஊசிகளை மரத்தில் குத்தி அளக்கும் ஈரப்பதமானியைக் கடைக்காரரிடம் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. முடிந்த கதவைச் சோதிக்க ஆசாரிமார் அறிந்த எளிய வழி உண்டு: கதவைத் தரையில் கிடத்தி, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துப் பிடித்தால், முறுக்கில்லாத கதவில் அவை நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், முறுக்கு இருந்தால் இடையே சந்து தெரியும், அல்லது ஒன்று மற்றதை அழுத்தும். நூல்களை மேல்கீழாக மாற்றியும் பார்க்க வேண்டும்.

நல்ல கதவையும் கெடுப்பது அவசரம். பூச்சும் தளமும் உலராத வீட்டில் சுவர்கள் விடும் ஈரத்தைக் கதவு குடிக்கும்; குடிபுகும் நாளுக்காக அதை மாட்டுவதே பல கோணல்களின் தொடக்கம். குளிர்சாதன அறைக் கதவின் இரு முகங்களும் இரு வேறு காற்றைச் சந்திப்பதால் அதற்கு மூன்று கீல்கள் வேண்டும். வார்னிஷ் இரு முகங்களுக்கும் ஒரே கனத்தில் பூசப்பட்டு, எவர் கண்ணிலும் படாத மேல்விளிம்புக்கும், தரை துடைக்கும் நீரைத் தொடும் கீழ்விளிம்புக்கும் கட்டாயம் சேர வேண்டும். கோடையில் மாட்டும் கதவுக்கு நிலையோடு ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி விடுவது முறை. ஐப்பசி மழையில் கதவு பிடிக்கிறது என்று உடனே இழைப்புளி போட்டுச் சீவினால், பங்குனியில் அதே இடத்தில் விரல் நுழையும் சந்து தெரியும். மழை ஓய்ந்து சில வாரம் பொறுத்த பிறகும் பிடித்தால் மட்டுமே சீவ வேண்டும்.