இளைஞர் நடத்தும் பாலியல் சுகாதார வகுப்புக்கு நிதி

இடம்பெயர்ந்திருந்த காலத்தில், பாதுகாப்புக் கருதிப் பல பிள்ளைகளுக்கு இளவயதிலேயே திருமணம் செய்துவைக்கப்பட்டது. கர்ப்பம் பற்றியோ பாலியல் நோய்கள் பற்றியோ அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பிள்ளைகள் சம வயதினரிடம் கேட்பார்கள். ஆகவே உங்கள் கிராமத்து இளைஞர் கழகமே இவ்வகுப்பை நடத்தலாம். ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் முன்வந்தால் தொடங்கலாம். பாடத்தை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது உண்மையான செலவை மட்டும் எழுதுங்கள்: பயிற்சிக்குப் போய்வரப் பஸ் கட்டணம், படத்தாள்கள், தேநீர், சுகாதாரத் துவாய்கள். மண்டப வாடகை தேவையில்லை, முன்பள்ளிக் கட்டடம் போதும். (மரத்தடி வேண்டாம், பெண்பிள்ளைகள் வாய்திறக்கமாட்டார்கள்.) பணம் தனியாள் பெயருக்கு அல்ல, கழகத்தின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும்.

பொதுச் சட்டப்படி திருமண வயது 18. வகுப்பில் ஒரு பிள்ளை துன்புறுத்தல் பற்றிச் சொன்னால் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.