சீன மருமகளும் நாலாவது முடிச்சும்

"பொண்ணுக்கு எந்த ஊருப்பா?"

"குவாங்சோங்க."

"அது எங்க இருக்கு? குடியாத்தம் பக்கமா?"

பல்லாவரம் - குன்றத்தூர் பஸ்ஸில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டுக்கும் சீனாவுக்கும் அவ்வளவு நெருக்கம். அங்கே பட்டறைக்குப் பட்டறை லேத்தும் மில்லிங்கும் ஓடுகிறது. மெஷினையோ ஸ்பேரையோ பார்த்து வாங்க, பர்சேஸ் டிபார்ட்மென்ட் பையன் குவாங்சோவில் நடக்கும் கான்டன் கண்காட்சிக்கு விமானம் ஏறுகிறான். 1957-ல் ஆரம்பித்து வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற சந்தை அது. விலை பேசப் போன இடத்தில், மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் மனசைத் தொலைத்துவிட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயரெல்லாம் எதற்கு? 'நம்மாளு' என்றே கூப்பிடுவோம்.

மெஷின் வந்து இறங்கினால் கஸ்டம்ஸில் என்ன பேப்பர் போட வேண்டும் என்பது நம்மாளுக்கு மனப்பாடம். ஆனால் கட்டிக்கொண்ட மனைவி வந்து இறங்க என்ன பேப்பர் வேண்டும்? அங்கேதான் ஆசாமி திருதிரு!

அம்மாவே தேவலை!

"ஏன்டா, பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?" என்பது அம்மாவின் முதல் கேள்வி. பயப்படாதீர்கள். அங்கேயும் பிறந்த வருஷத்துக்கு எலி, புலி, முயல், பாம்பு என்று பன்னிரண்டு மிருகம் வைத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். வரதட்சணை? அங்கே தலைகீழ்! மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் தர வேண்டும். 'சாய்லி' என்று பெயர். நம் பாட்டன் காலத்துப் பரிசப் பணம்தான், வேறொன்றுமில்லை. (இளைஞர்கள் மயங்கி விழ வேண்டாம்!)

அம்மாவைச் சமாளித்துவிடலாம். ஆனால் சர்க்கார் கேட்பது நட்சத்திரம் இல்லை, சீல்! "பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு அத்தாட்சி எங்கே?"

நம் ரேஷன் கார்டு மாதிரி சீனாவில் 'ஹூகோ' என்று ஒரு குடும்பப் பதிவுப் புத்தகம் உண்டு. அதைக் கொண்டுபோய் அங்குள்ள நோட்டரி ஆபீசில் 'நான் மணமாகாதவள்' என்று உறுதிமொழி கொடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இந்தியாவில் செல்லும்படியாக சீல் வாங்க வேண்டும். அம்மாவுக்கு ஜாதகம், ஆபீசருக்கு இந்தக் காகிதம்.

முருகன் சாட்சி போதாது

"குன்றத்தூர் முருகன் கோயிலில் தாலி கட்டிட்டா முடிஞ்சுதே!" என்பார் பெரியப்பா. சந்தோஷமாகக் கட்டலாம். ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். பெண் அப்படி இல்லையென்றால், 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி.

இந்தச் சட்டம் நிதானமானது. பெண், மாப்பிள்ளை இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால், ஆட்சேபணை உண்டா என்று பார்க்க இன்னொரு 30 நாள் அது போர்டில் தொங்கும். (பக்கத்து வீட்டு மாமா முதல் ஆளாகப் படித்துவிடுவார்!) அப்புறம் மூன்று சாட்சிகள், கையெழுத்து, சர்டிபிகேட். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

நம்மாளு மாட்டிக்கொள்வது இங்கேதான். பெண் குறைந்த நாள் டூரிஸ்ட் விசாவில் வந்திருப்பாள். விசா நாள் ஓடும். நோட்டீஸ் நாள் நடக்கும். போர்டிலிருந்து நோட்டீஸை எடுப்பதற்குள் பெண் விமானம் ஏற வேண்டிய தேதி வந்து நிற்கும். ஆகவே டிக்கெட் போடும் முன், காலண்டரை எடுத்து 30 நாளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் இங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டால், மனைவி விசாவுக்கு இங்கிருந்தே மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கிறவரை, கையில் இருக்கும் விசாவின் தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, சீனாவிலேயே பதிவு. அங்கே கையில் கொடுப்பது சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம். அங்கே ஆணுக்கு 22 வயசு, பெண்ணுக்கு 20 வயசு ஆகியிருக்க வேண்டும். நம்மூரில் 21-ம் 18-ம். அந்தச் சிவப்புப் புத்தகத்தையும் நோட்டரி செய்து, மொழிபெயர்த்து, அத்தாட்சி பெற்றால்தான் இங்கே பேசும்.

இனிஷியல் தகராறு

உலகத்தில் பாதிப் பேர் குடும்பப் பெயரைப் பின்னால் போடுகிறார்கள். நாமும் சீனர்களும் முன்னால் போடுகிற ஜாதி! அவர்கள் வாங், லீ, சென் என்று ஆரம்பிப்பார்கள். நாம் 'கே', 'எஸ்' என்று ஆரம்பிப்போம். பொருத்தம் பிரமாதம். ஆனால் விண்ணப்பப் பாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அங்கேதான் நம்மாளு முழிக்கிறான். ஒரு பேப்பரில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, மூன்றாவதில் அதுவே சர்நேமாக! இவர் ஒரே ஆள்தானா என்று கேட்டால் ஆபீசர் மேல் தப்பில்லை.

சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்வதில்லை. 'இனிமே நீ மிஸஸ் இன்னார்' என்று ஆசையாக ஏதாவது எழுதி வைத்தால், அப்புறம் அஃபிடவிட்டுக்கு அலைய வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படியோ, எல்லாப் பேப்பரிலும் அப்படியே. ஒரு எழுத்து கூடாது, குறையவும் கூடாது.

பதினாலு நாள், இருபத்து நாலு மணி

கல்யாண சர்டிபிகேட் கைக்கு வந்தால், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் கேட்க வேண்டியது என்ட்ரி விசா. எக்ஸ்-2 என்று வகை. சீனாவில் இருந்தால் இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பம்.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். சென்னைக்கு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன். முன்பெல்லாம் டிபன் டப்பாவோடு போய் உட்கார வேண்டும். 2018 முதல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. வந்துவிட்டதால், பேப்பரை ஸ்கேன் பண்ணி வீட்டிலிருந்தே அனுப்பலாம். கூப்பிட்டால் மட்டும் போனால் போதும்.

வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்ற விதி ஹோட்டலுக்கு மட்டுமில்லை, தனி வீட்டுக்கும் உண்டு. "எம் மருமக எங்க வீட்ல தங்கறதுக்கு யாருக்குடா சொல்லணும்?" என்று அம்மா கேட்பார். சொல்லத்தான் வேண்டும்மா! பம்மலிலிருந்து குரோம்பேட்டைக்கு வீடு மாறினாலும் சொல்ல வேண்டும்.

இதில் விளையாட்டு வேண்டாம். 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் போய், புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. விசா தேதி தாண்டித் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இடமிருக்கிறது. "மறந்துட்டேன் சார்" என்பது ஆபீஸ் லீவ் லெட்டருக்குச் சரி, இங்கே செல்லாது.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

வருஷா வருஷம் விசா நீட்டிப்பு என்று எத்தனை நாள் அலைவது? அதற்கு விடை ஓ.சி.ஐ. கார்டு. கிடைத்தால் ஆயுசுக்கும் வந்து போகலாம், இங்கே தங்கலாம். கட்டணம் இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். ஆனால் நிபந்தனை உண்டு. கல்யாணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு வருஷம் நீடித்திருக்க வேண்டும். அதன்பிறகு பாதுகாப்பு விசாரணையிலும் தேற வேண்டும்.

'பதிவாகி' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். குன்றத்தூரில் தை மாசம் தாலி கட்டிவிட்டு, "பதிவுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அடுத்த தை வரை விட்டீர்களானால், அந்த ஒரு வருஷம் கணக்கில் வராது. சர்க்கார் கடிகாரத்துக்கு நாதஸ்வரம் கேட்காது. ரிஜிஸ்தரில் போட்ட தேதிதான் கேட்கும்.

கார்டு வந்தபின் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. சீனக் குடிமக்கள் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் இங்கே வீடு வாங்க முடியாது. ஓ.சி.ஐ. கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. தாம்பரத்தில் கூட்டுப் பெயரில் ஃப்ளாட் போடலாம். விவசாய நிலம் மட்டும் கூடாது. ஓட்டும் கிடையாது. (எலெக்‌ஷன் நேரத்தில் வீட்டில் ஒருவராவது நிம்மதியாக இருக்கட்டுமே!)

இன்னொரு விஷயம். மனைவி என்ற முறையில் கிடைத்த கார்டு, கல்யாணம் கோர்ட்டில் முறிந்தால் ரத்தாகலாம். அப்பா, அம்மா, மொழி, சாப்பாடு எல்லாவற்றையும் விட்டு வந்த ஒரு பெண் இங்கே இருக்கும் உரிமை, கணவன் என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. சண்டை வந்தால், "போ உங்க ஊருக்கு!" என்ற வார்த்தை மற்ற வீட்டில் வெறும் கோபம். இந்த வீட்டில் அது மிரட்டல். நம்மாளு நாக்கை அடக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

குடியுரிமையே வேண்டுமென்றால், இந்தியரை மணந்து ஏழு வருஷம் இங்கே குடியிருந்தபின் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சீனக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடுமே ஏற்பதில்லை. அப்புறம் அம்மா வீட்டுக்குப் போக அவளே விசா கேட்டு நிற்க வேண்டும். யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு. அவள் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு!

குழந்தை விஷயத்திலும் உஷார். செல்லும் விசாவோடு தாய் இருக்க, தகப்பன் இந்தியக் குடிமகன் என்றால், இங்கே பிறக்கும் குழந்தை இந்தியக் குடிமகன்தான். பிரசவம் சீனாவில் என்றால், சீனச் சட்டப்படி பிள்ளை சீனக் குடிமகன். இந்தியன் ஆக்க வேண்டுமானால் ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வளைகாப்புக்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

பேப்பர் இல்லாத வாழ்க்கை

"இவ்வளவு பேப்பரா!" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. வாங் சீ என்ற சீன ராணுவ வீரர் 1963 ஜனவரியில் வழிதவறி இந்திய எல்லைக்குள் வந்து பிடிபட்டார். 1969-ல் சிறையிலிருந்து விடுதலை. மத்தியப் பிரதேசத்தில் திரோடி என்ற ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். 1975-ல் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டி, பிள்ளை குட்டி பெற்றார். ஆனால் சொந்த ஊருக்குப் போய்வரப் பேப்பர் இல்லை. 2017 பிப்ரவரியில்தான் அவரால் சீனாவுக்குப் போக முடிந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல்! அதற்குள் அவரைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நாடுகள் சண்டை போட்டால் முதலில் மூடுவது கதவுதான். 2020-ல் கொரோனாவும் எல்லைத் தகராறும் சேர்ந்து நேர் விமானம் நின்றது. டூரிஸ்ட் விசா நின்றது. சீனர்களுக்கு டூரிஸ்ட் விசா மறுபடி 2025 ஜூலையிலும், நேர் விமானம் அக்டோபரிலும்தான் திரும்பியது. கதவு திறந்திருக்கும்போதே பேப்பரைச் சரிபண்ணி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பேப்பர் கேட்பது ஒன்றும் புதுசில்லை. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில், 1281-ம் வருஷத்து சித்திரையில் நம்மவர் ஒருவர் சிவன் கோயில் எழுப்பிய செய்தி தமிழ்க் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அங்கே ஆண்ட கானின் 'பர்மான்' படி கட்டியது என்று அதிலேயே வெட்டி வைத்திருக்கிறார். பர்மான் என்றால் ராஜாவின் அனுமதிச் சீட்டு. எழுநூறு வருஷத்துக்கு முன்பே நம்மாளு பர்மிட்டைக் கல்லில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறான், சார்!

ஆகவே சிட்கோ சிங்கங்களே... காதலியுங்கள், கோயிலில் தாலி கட்டுங்கள், மூணு முடிச்சும் போடுங்கள். அந்த வாரமே நாலாவது முடிச்சுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் போய் நோட்டீஸ் கொடுங்கள். மூணு முடிச்சு அவளை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும். நாலாவதுதான் அவளை அங்கே பயமில்லாமல் தூங்க வைக்கும்.