உங்களுக்குத் தெரியுமா? கவனிக்காமல் விட்டே இடிக்கப்படும் கட்டடங்கள்

பழைய கட்டடத்தைச் சாய்க்கக் கடப்பாரை வேண்டியதில்லை. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் போதும். சென்னையின் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையைப் பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட தளம் அது. மாடியில் தேங்கும் நீர் மெல்ல இறங்கினால், சுவருக்குள் புதைந்த உத்திர முனை வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். விரிசலில் முளைக்கும் அரசங்கன்று மீதியை முடித்துவிடும். 'இடிக்காதே' என்று மட்டும் சொல்லும் சட்டம் இதற்குப் போதாது. 'பழுது பார்' என்றும் அது சொல்ல வேண்டும்.

*

1963-இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது மக்கள் கொதித்தார்கள். 1965-இல் நகரத்துக்கென்றே பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது அதன்படி உரிமையாளரின் கடமை. மன்ஹாட்டனில் 'விண்டர்மியர்' என்ற 19-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பைச் சிதைய விட்டவர்கள், 2009-இல் 11 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

*

இங்கிலாந்தில் ஆளில்லாமல் கிடக்கும் பாரம்பரியக் கட்டடத்தில் உள்ளூராட்சியே அவசர வேலைகளைச் செய்துவிட்டு, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். இடிக்கவேண்டும் என்பதற்காகவே பாழாக விட்டார் என்று தெரிந்தால், மிகக் குறைந்த இழப்பீட்டில் கையகப்படுத்தவும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு.

*

நகரக் கட்டடங்களுக்கான பாரம்பரிய விதிகளை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது மும்பை, 1995-இல். அங்கே உரிமையாளர் தன் மனையில் கட்ட முடியாமல் போன பரப்புக்கான உரிமையை வேறிடத்தில் பயன்படுத்த விற்கலாம். இது மிக நியாயமான ஏற்பாடு. சொற்ப வாடகை வரும் வீட்டுக்காரரிடம் வெறும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனால் கூரை ஒழுகுவது நிற்குமா?

*

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நகராட்சி அலுவலகமாக இருந்த 'மேரி' கட்டடம், 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

*

சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்தது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 2006-இல் இடிப்பு தொடங்கியது, வழக்கு நடந்தது, 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கத் தடை விதித்தது. தீர்ப்பால் கட்டடம் தப்பியது. ஆனால் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அது பழுது பார்க்கப்படாமல் பூட்டியே கிடந்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. அதைக் கையில் எடுப்பவர்கள் முதலில் ஏற வேண்டியது இப்படிப்பட்ட கட்டடங்களின் மொட்டைமாடிக்குத்தான்.