குளிரூட்டி நோயுற்றதை அறிவது எப்படி?

ஒரு காலத்தில் செல்வர் மாளிகைகளிலும் திரையரங்குகளிலும் மட்டுமே காணப்பட்ட ஏ.சி. என்னும் குளிரூட்டி, இன்று நடுத்தரக் குடும்பங்களின் படுக்கையறைக்கும் வந்துவிட்டது. அதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவருக்கும், வேர்க்குருவால் இரவெல்லாம் அழும் கைக்குழந்தைக்கும், அக்கினி நட்சத்திர நாட்களில் அது மருந்துக்கு ஒப்பான உதவி. தவணையில் பணம் கட்டி வாங்கிய அக்கருவி சித்திரை மாதத்து இரவொன்றில் நின்றுவிட்டால், இல்லம் முழுவதும் கலங்கிப் போகின்றது. அவசரத்தில் யாரையோ அழைக்கின்றோம். அவர் கேட்ட தொகையைக் கொடுக்கின்றோம். ஆனால் பெரும்பாலான குளிரூட்டிகள் முன்னறிவிப்பின்றிக் கெடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே தம் நோயை நமக்குத் தெரிவித்துவிடுகின்றன. அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பணமும் மிஞ்சும். சில வேளைகளில் உயிரும் காக்கப்படும்.

இக்கருவி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது. 1902 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. அதனைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் இன்றைய குளிரூட்டியின் முன்னோடியை வகுத்தார். ஆகவே காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுப்பது இதன் பக்கத் தொழில் அன்று, பிறவித் தொழில்.

முதற்சோதனையும் இதிலிருந்தே பிறக்கின்றது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், கருவி ஓடத் தொடங்கி அரைமணி நேரத்திற்குள் வெளியே தொங்கும் நீர்க்குழாயிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டினால் நலம். வெளியே சொட்டாமல் அறைச் சுவரில் வழிந்தால், குழாயில் தூசும் பாசியும் அடைத்திருக்கின்றன என்பது பொருள். இது சிறு நோய். குழாயை ஊதித் துப்புரவு செய்தால் தீரும். உள்ளேயும் வெளியேயும் ஒரு துளியும் இல்லை, அறையும் குளிரவில்லை என்றால், நோய் பெரிது.

இரண்டாவது சோதனைக்கு மலிவான வெப்பமானி ஒன்று போதும். கருவியை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் அது உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் அளந்து பாருங்கள். இரண்டிற்கும் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருத்தல் வேண்டும். ஈரம் மிகுந்த நாட்களில் சற்றுக் குறையலாம். மூன்று நான்கு டிகிரியோடு நின்றுவிட்டால் ஏதோ கோளாறு உண்டு.

கோளாறு என்றவுடன் தொலைபேசியை எடுக்க வேண்டாம். முன்மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் வடிகட்டி வலையைப் பாருங்கள். தலையணைப் பஞ்சும் தெருப்புழுதியும் சேர்ந்து கம்பளி போல் படிந்திருக்கக்கூடும். கோடையில் இரு வாரங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவது வீட்டாரே செய்யத்தக்க வேலை. பத்து வயதுப் பிள்ளையிடம்கூடக் கழுவும் பொறுப்பை ஒப்படைக்கலாம்.

சில வீடுகளில் குழாய்ச் சுருளின் மீது பனிக்கட்டி படிவதைக் கண்டு, “நன்றாகக் குளிர்கின்றது” என்று மகிழ்வோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. காற்றோட்டம் தடைப்பட்டாலோ, உள்ளே சுழலும் வாயு குறைந்தாலோதான் சுருள் உறைகின்றது. அப்போது கத்தியால் சுரண்டலாகாது. மெல்லிய குழாய் கிழிந்துவிடும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் பனி தானே உருகும். வலையைக் கழுவிய பின்னும் மீண்டும் உறையுமாயின், பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டியதுதான்.

இங்கேதான் நம் குடும்பங்கள் மிகுதியாக ஏமாறுகின்றன. வந்தவர் கையை வைத்துப் பார்த்து, “கேஸ் தீர்ந்துவிட்டது” என்பார். நாமும் வண்டிக்குப் பெட்ரோல் தீர்வது போல என்று எண்ணித் தலையசைப்போம். அந்த வாயு எரிபொருள் அன்று. மூடிய குழாய்க்குள் நீர்மமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழல்வது. எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் செலவாகாதது. குறைந்திருக்கின்றது என்றால், எங்கோ ஓட்டை விழுந்து கசிந்திருக்கின்றது. ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஆண்டுதோறும் கோடையில் “கேஸ்” நிரப்பும் வீடுகள், ஆண்டுதோறும் அதே ஓட்டைக்குக் காணிக்கை செலுத்துகின்றன.

கடலோர மக்களுக்கு இது கூடுதல் தொல்லை. உப்புக்காற்று வெளிப்பெட்டியின் சுருளை அரித்துவிடுகின்றது. குழாய்கள் இணையும் மரைகளிலும் கசிவு தோன்றலாம். வாயுவோடு சிறிது எண்ணெயும் குழாய்க்குள் சுழல்வதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். கூர்ந்து நோக்கினால் நம் கண்ணுக்கே தெரியும். ஆகவே நிரப்ப வந்தவரிடம் தயங்காமல் கேளுங்கள்: கசிவு எங்கே? சோப்பு நுரை வைத்தோ, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ பார்த்தீரா? நிரப்புமுன் பம்பு வைத்துக் குழாயை வெற்றிடமாக்குவீரா? கருவியின் தகட்டில் குறித்துள்ள எடைக்குத் தராசில் நிறுத்து நிரப்புவீரா? நேர்மையான தொழிலாளர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளார்.

கசிவு நம் பணப்பையோடு நிற்பதில்லை. இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்-32 என்னும் வாயு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 675 மடங்கு பூமியை வெப்பமாக்கவல்லது. ஆர்-410ஏ ஏறத்தாழ 2,000 மடங்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், நுகர்வுப் பழக்கங்களைப் பற்றிக் கூறுமிடத்தில் குளிரூட்டிகளின் பெருக்கத்தையே எடுத்துக்காட்டாகச் சுட்டினார். நோயாளி இருக்கும் வீட்டில் கருவியை அணைத்துவிடும்படி யாரும் கூறமாட்டார். ஓட்டையை அடைப்பது நம் கையில் இருக்கின்றது. மேலும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 எளிதில் தீப்பற்றுவது. பழுது பார்க்கும்போது அறையின் சாளரங்களைத் திறந்து வைத்து, அருகில் விளக்கோ ஊதுவத்தியோ எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்றத்தையும் ஓசையையும் அசட்டை செய்யலாகாது. மக்கிய துணி போன்ற வாடை வந்தால் உள்ளே பூஞ்சை படிந்துள்ளது, துப்புரவு தேவை. கம்பி கருகும் வாடை வந்தாலோ, பிளக் தொட முடியாதபடி சுட்டாலோ, அந்தக் கணமே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஒன்றரை டன் கருவிக்கு ஏழெட்டு ஆம்பியர் மின்சாரம் தேவைப்படலாம். தனிக்கம்பி இழுத்து 16 ஆம்பியர் பிளக்கில்தான் அதை மாட்ட வேண்டும். எம்.சி.பி. அடிக்கடி விழுகின்றதென்று அதைவிடப் பெரியதை வாங்கி மாட்டுவோர், வீட்டின் காவல்காரனை உறங்கச் செய்கின்றனர். வெளிப்பெட்டி ‘உம்’மென்று முனகியும் அதன் விசிறி சுழலாவிட்டால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் கெட்டிருக்கும். சிறு செலவுதான். எனினும் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது அதிர்ச்சி தரும் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்குமாதலால் நாமே திறக்கலாகாது. பல்லி புகுந்து மின்பலகை கருகுவதும் நம் ஊரில் புதிதன்று.

நோயல்லாதவற்றை நோயென்று அஞ்சவும் வேண்டாம். அணைத்து உடனே போட்டால் கம்பிரஸர் மூன்று நிமிடம் தாமதிப்பது அதன் தற்காப்பு. நெகிழிப் பெட்டி வெப்பமாறுதலால் ‘சடக்’கென்று ஒலிப்பது இயல்பு. மேற்குச் சுவரும் மொட்டைமாடியும் கொதிக்கும் அறையில் மாலையில் குளிர் தாமதமானால், குற்றம் கருவியுடையது அன்று. மூடிய அறையில் பலர் உறங்கிக் காலையில் தலை கனத்தால், சாளரத்தைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். சுவரில் மாட்டும் சாதாரணக் கருவிகள் அறைக்காற்றையே சுழற்றுகின்றன, புதுக்காற்றைக் கொணர்வதில்லை.

மின்கணக்கு அட்டையும் ஒரு நாடித்துடிப்பே. சென்ற ஆண்டின் அதே இரு மாதங்களோடு ஒப்பிடுங்கள். பழக்கம் மாறாதிருக்க, யூனிட்டுகள் மட்டும் வெகுவாக ஏறியிருந்தால், கருவி மூச்சிரைத்து உழைக்கின்றது. இதைத் தவக்காலத்திலேயே பார்த்துவிட்டால், வெயில் உச்சத்தில் பழுது பார்ப்பவருக்காகக் காத்திருக்க நேராது.

அவர் வரும் வரையில், வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் சாளரத் திரைகளை இழுத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு அவரை மாற்றுங்கள். ஈரத்துணியால் உடலை ஒற்றி, விசிறிக் காற்றில் இருக்கச் செய்யுங்கள். மருத்துவர் நீரைக் குறைக்கச் சொல்லியிராவிட்டால், தாகம் எடுக்காவிடினும் அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். உடல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடலைக் குளிர்விப்பதை நிறுத்தாமல், உடனே 108 ஐ அழைக்க வேண்டும்.