ஓய்வு காலத்தில் உழவு இயந்திரப் பற்றரி

காலபோக வெள்ளாண்மை வெட்டி முடிய, தவக்காலத்தோடு பல வீடுகளில் உழவு இயந்திரத்துக்கும் ஓய்வு தொடங்கிவிடும். குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகம் செய்பவர்களைத் தவிர மற்றையோரின் இயந்திரங்கள் கொட்டிலுக்குள் போய்விடும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல ஒருவேளை வெளியே வரும். மற்றப்படி புரட்டாதியில் மழைக்குணம் தெரியும்போதுதான் அதன் நினைவு வரும். அப்போது சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசையோடு சரி. அயலவரிடம் பற்றரி இரவல் கேட்டு, அதுவும் சரிவராமல் பட்டணத்துக்கு ஓடுவதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். புழுதி விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டியவருக்கு அந்த மூன்று நாள் சிறிய விடயமல்ல. 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதுப் பற்றரி வாங்குவதும் இலேசான காரியமாக இல்லை.

இப்படிப் பழுதான பற்றரிகளில் பல, வேலை செய்து தேய்ந்தவை அல்ல. சும்மா இருந்து பழுதானவை. இதை விளங்கிக்கொள்ளப் பற்றரிக்குள் நடப்பதைச் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும்.

உழவு இயந்திரத்தின் 12 வோல்ற் பற்றரியில் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின் வெளியேறும்போது அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளோடு சேர்ந்து ஈயசல்பேற்றாகப் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் இந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். கிழமைக்கணக்காக விட்டுவைத்தால் மென்மையான படிவு பெரிய பளிங்குகளாக வளர்ந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் தகட்டின் அந்தப் பகுதி வேலை செய்யாது.

வயர்களைக் கழற்றி வைத்தாலும் பற்றரி தானாகவே இறங்கும். மேலே மூடி திறந்து தண்ணீர் விடும் சாதாரண வகை, மாதமொன்றுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 வரை இழக்கும். மூடப்பட்ட வகை இதைவிட மெதுவாக இழக்கும். சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர் நாடுகளில் உல்லாசப் பயண வண்டிகளை மாரியில் நிறுத்திவைப்போருக்காக எழுதப்பட்ட கைநூல்கள், இறங்கிய பற்றரி உறைந்து வெடிக்கும் என்று எச்சரிக்கின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. நமது இயந்திரங்கள் ஓய்ந்து நிற்பது பங்குனி முதல் ஆவணி வரையான கொடும் வெயில் காலத்தில். தகரக் கூரையின் கீழ் விட்டுவைத்த பற்றரியை அந்த வெக்கையே கொன்றுவிடும்.

"நான் கிழமைக்கொருமுறை ஸ்ரார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேனே" என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் கணக்குச் சரிவராது. 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து இழந்தால் கிழமைக்கு 2.5 அம்பியர் மணி போகிறது. 300 அம்பியர் வீதம் பத்து விநாடி ஸ்ரார்ட்டரைச் சுழற்றினால் இன்னும் ஏறத்தாழ 1 அம்பியர் மணி செலவு. டைனமோ 10 அம்பியர் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறுவது 1 அம்பியர் மணிக்கும் குறைவு. மெதுவாக ஓடும் இயந்திரத்தில் அதுகூட வராது. டீசலும் செலவாகிப் பற்றரியும் இறங்கும். தண்ணீர் பவுசர் இழுக்க ஒரு மணி நேரம் ஓடினால் அது வேறு கதை.

ஆகவே நீண்ட ஓய்வுக்கு முன்னர் பற்றரியைக் கழற்றிவிடுவதே நல்லது. முதலில் மறை முனையைக் கழற்றுங்கள். மறை முனை இயந்திரத்தின் உடலோடு இணைந்திருப்பதால், நேர் முனையை முதலில் கழற்றும்போது சாவி உடலில் பட்டால் பெரும் தீப்பொறி எழும். திரும்பப் பூட்டும்போது மறை முனை கடைசி. முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம். அது கலங்களுக்குள் போகாமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த பின் சிறிது கிறீஸ் பூசுங்கள்.

பிறகு முழுமையாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 70 அம்பியர் மணிப் பற்றரிக்கு 7 அம்பியர் என, பத்தில் ஒரு பங்கு வீதத்தில் ஏற்றுவது பாதுகாப்பானது. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மறையும்வரை முதலில் தண்ணீர் விடுங்கள்; மீதியைச் சார்ஜ் ஏறிய பின் விடுவதே முறை, இல்லையேல் அமிலம் பொங்கி வழியும். விட வேண்டியது காய்ச்சி வடித்த நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் குடிக்க எவ்வளவு நன்றாயிருந்தாலும் பற்றரிக்கு ஆகாது. அமிலமும் ஊற்றக்கூடாது, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே.

ஓரிரவு விட்டு வோல்ற்மானியால் பாருங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. நீரமானி வைத்திருப்போர் ஒவ்வொரு கலத்தையும் பார்க்கலாம். ஒரு கலம் மற்றவற்றைவிட 0.050 அளவு குறைந்திருந்தால் அந்தப் பற்றரியை நம்பி மழைக்காலத்துக்குள் போக வேண்டாம்.

வைக்கும் இடம் நிழலாகவும் குளிர்மையாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்பது பழைய பேச்சு. மரப்பெட்டியிலும் வன்றப்பர்ப் பெட்டியிலும் பற்றரி வந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்த ஆபத்தில்லை. பலகை போட்டால் தூசும் ஈரமும் அண்டாது, அவ்வளவே. குசினியும் படுக்கையறையும் கூடாது. சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஐதரசன் எளிதில் தீப்பற்றும். குப்பி விளக்கும் பீடியும் கிட்ட வரக்கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே கால் மணி நேரமாவது சுத்தமான நீரால் கழுவிய பின்னரே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

மாதமொருமுறை, ஞாயிறு பூசை முடிந்து வந்து, வோல்ற்மானியை வைத்துப் பாருங்கள். 12.4 இற்குக் கீழே போயிருந்தால் மீண்டும் சார்ஜ் ஏற்றுங்கள். வீட்டில் சிறு சூரியத் தகடு இருந்தால் அதற்குரிய கட்டுப்படுத்தி மூலம் இணைத்துவிடலாம். கட்டுப்படுத்தி இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் தண்ணீர் வற்றிவிடும். சங்கத்து இயந்திரமானால் இந்தப் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. எல்லோருடைய இயந்திரத்துக்கும் ஒருவரும் தண்ணீர் விடாத கதை நமக்குப் புதிதல்ல.

அதே மூலையில் ஒரு செத்த பற்றரியும் கிடந்தால் அதை உடைக்க வேண்டாம். வலைக்கு ஈயம் வார்க்கவென்று வீட்டு அடுப்பில் உருக்குவது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே, பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த குடியிருப்பொன்றில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 பிள்ளைகள் இறந்தனர். புதுப் பற்றரி வாங்கும்போது பழையதை முழுதாகவே கடையில் கொடுங்கள். அதற்கும் ஒரு விலை கழிப்பார்கள்.